நாலு வண்டியும் ஒரு முதலாளியும்

கடத்தூர்
3-7-1944

என் வீட்டுக்காரருக்குத் தீர்த்தம்மாள் கும்பிட்டு எழுதுவது.

நான் இங்கே தம்பி தர்மன் வீட்டில் சுகமாக இருக்கிறேன். சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான்.

கோட்டைக் கோயிலில் நம் அறுபதாம் கல்யாணத்தன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள்தான் அங்கே இல்லையே! ஆகையால் சொல்கிறேன். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஈரத்துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் மண்டபத்துக்குப் பின்னால் போனீர்கள். நான் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்தேன். குருக்கள் தாலியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, "அம்மா, மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார். உங்கள் பங்காளிகளும் டிரைவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் டிரைவர் முனிராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பென்னாகரம் வண்டி இண்டூர்கிட்ட நின்னுபோச்சுன்னு ஆள் வந்துதுங்க. அய்யா ஈரத்துணியோட சைக்கிள்ள போயிட்டாருங்க."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மாலையைக் கழற்றி மணைமேல் வைத்துவிட்டுத் தம்பியோடு கடத்தூர் வண்டி ஏறிவிட்டேன். அதுவும் உங்கள் வண்டிதான். வேறு எதில் ஏறுவது?

அறுபது முடிந்ததும் பஸ் சர்வீஸை மாதுவிடம் விட்டுவிடுகிறேன் என்று சாமி முன்னால் சொன்னது யார்? மாதுவுக்கு மானேஜர் என்று பேர் வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பேர் மட்டும்தான். சாயங்காலம் வண்டிகள் ஷெட்டுக்கு வந்ததும் நாலு வண்டியின் ரோட்டரையும் நீங்களே பிடுங்கிக்கொண்டு வருகிறீர்கள். கைக்குள் அடங்குகிற கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து சுற்றினாலும் இன்ஜின் உறுமாது. என்றைக்கோ ஒரு டிரைவர் உங்களுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுக் கல்யாணத்துக்குப் போனான் என்பதற்காக, இன்று வரைக்கும் விடியற்காலையில் நீங்கள் எழுந்து கையில் கொடுத்தால்தான் வண்டி புறப்படுகிறது. எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்று மாதுவிடம்கூடச் சொன்னதில்லை.

பிள்ளை இல்லாத நமக்கு நாலு வண்டியும் நாலு பிள்ளை என்பீர்கள். இருக்கட்டும். பிள்ளைகளைக்கூட ஒரு வயதுக்குமேல் தனியாக விடத்தான் வேண்டும்.

அந்தத் துண்டுகளை மாது கையில் கொடுங்கள். ஒரு வாரம் அவன் நடத்தட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். அதன் பிறகு நான் வருகிறேன்.

தீர்த்தம்மாள்


தர்மபுரி
8-7-1944

தீர்த்தம்மாளுக்குக் காளியப்பன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. இந்த வயதில் புருஷனை விட்டுத் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிற பொம்பளையை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஷெட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கண்டக்டர் பையன்கள் முதற்கொண்டு!

இண்டூரில் நின்ற வண்டியில் கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். பொட்டல் வெயில். நான் போகாமல் யார் போவது? யுத்தம் நடக்கிறது என்பதை நீ மறந்துவிட்டாய். பெட்ரோல் கிடையாது. வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதன் புகையில் இன்ஜினை ஓட்டுகிறோம். கரி கொஞ்சம் ஈரமாயிருந்தால் ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. ரெண்டு டிரைவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு சாமான் உடைந்தால் மாற்றுச் சாமான் மதராஸிலும் இல்லை. இந்தச் சமயத்தில் நான் வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டுமா?

மாது நல்லவன். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி புறப்படும்போது அவன் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதில்லை. ஏறுகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனை நம்பி எப்படி விடுவது?

சாப்பாடு காப்பி கிளப்பிலிருந்து வருகிறது. உப்பு அதிகம். வலது கை கொஞ்சம் மரத்துப்போகிறது. நேற்று டீ கிளாஸ் தானாகக் கீழே விழுந்தது. வாயுவாகத்தான் இருக்கும்.

ஆடி கழியட்டும். ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டுகிறேன். கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர். உன் துணிப்பெட்டிச் சாவி எங்கே?

காளியப்பன்


கடத்தூர்
19-7-1944

என் வீட்டுக்காரருக்கு,

சாவி உத்தரத்தில் தொங்குகிறது. அதை விடுங்கள். கை மரத்துப்போனதைக் கிளப்புச் சாப்பாட்டு உப்போடு சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன மனசு? டாக்டரைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். டாக்டர் ஷெட்டுக்குள்ளே இருந்தால் பார்ப்பீர்கள்.

நான் இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒரு காரியத்துக்காக.

நேற்று மத்தியானம் கடத்தூர் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று முன் வண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள். கோபம் கோபமாக இருந்தாலும் வயிறு கேட்குமா? தூக்குப் போசியில் மோர்ச்சோறு பிசைந்து, நார்த்தங்காய் வைத்து எடுத்துக்கொண்டு சந்தைமேட்டில் நின்றேன். வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கமாக வந்து உங்கள் முகத்துக்கு நேரே அண்ணாந்து நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நன்றாகப் பார்த்தீர்கள்.

"பின்னால ஏறும்மா. எந்த ஊருக்குப் போவணும்?" என்று கேட்டீர்கள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. "ஏறலைன்னா தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் போசியோடு புழுதியில் நின்றேன். தர்மன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும் வரைக்கும் அங்கேயேதான் நின்றேன்.

என்னைத் தெரியவில்லையா உங்களுக்கு?

தீர்த்தம்மாள்


தர்மபுரி
22-7-1944

தீர்த்தம்மாளுக்கு,

அது விளையாட்டுத்தான். நீ பெரிதாக எடுத்துக்கொண்டாய்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். உன்னிடம் பொய் எழுத வரவில்லை. பதினெட்டாம் தேதி நான் கடத்தூர் வந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. மாதுவைக் கூப்பிட்டு, "அன்னிக்குக் கடத்தூர் வண்டியை யாரு எடுத்தது?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அய்யாதானுங்களே எடுத்தீங்க" என்றான். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவ்வளவு ஜனங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன்! உன்னைத் தெரியாமல் போனதை நான் நினைக்கவே பயப்படுகிறேன்.

சரி, நீ சொன்னபடியே செய்கிறேன். விட்டுவிடுகிறேன். ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகிற கூட்டம் இருக்கிறதே, அது ஒன்று மட்டும் முடியட்டும். வருஷத்திலேயே பெரிய கூட்டம். அன்றைக்கு மாதுவால் சமாளிக்க முடியாது. மறுநாள் காலையில் அவன் கையில் கொடுத்துவிட்டுக் கடத்தூர் வண்டியில் பிரயாணியாக உட்கார்ந்து வருகிறேன். இது சத்தியம்.

காளியப்பன்


கடத்தூர்
ஆடிப் பதினெட்டு, சாயங்காலம்

என்னங்க, என்ன ஆயிற்று?

காலை வண்டி வரவில்லை. மத்தியான வண்டியும் வரவில்லை. வண்டி வராததால் தபால் பையும் வரவில்லை. நீங்கள் சர்வீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஆனதே இல்லை. மழையிலும் வந்தது, காலரா வந்தபோதும் வந்தது. ஒரு வண்டி கெட்டால் இன்னொரு வண்டி வரும். நாலும் எப்படி நிற்கும்?

மாட்டு வண்டிக்காரர் ஒருவர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார்: நாலு வண்டியும் ஷெட்டிலேயே புகைந்துகொண்டு நிற்கிறதாம், ஜனங்கள் வாசலில் கத்திக்கொண்டிருக்கிறார்களாம். முதலாளியைக் காணோம் என்றாராம் யாரோ.

தர்மன் சைக்கிளில் முன்னால் வருகிறான். இதை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன். இதைப் படிக்கிற நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

தீர்த்தம்மாள்


சேலம் ஆஸ்பத்திரி
28-8-1944

தீர்த்தம்மாளுக்கு,

இது இடது கையால் எழுதுகிற கடிதம். நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேச்சு திரும்பி வருகிறது. ஆனால் நான் பேசுவது வேறு யாரோ பேசுவதுபோல என் காதுக்கே இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை மாது உன்னிடம் சொல்லியிருப்பான். அவன் சொன்னது வெளியே இருந்து பார்த்தவன் சொன்னது. உள்ளே கிடந்தவன் நான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

விடியற்காலையில் எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். வலது கால் என்னோடு வரவில்லை. கூடத்திலேயே விழுந்தேன். பக்கத்து ஷெட் வாசலில் ஜனங்கள் பேசுவது கேட்டது. புதுத் தாலிக்கயிறும் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு, ஒகேனக்கல் போகப் பெண்கள் வந்து நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மாது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும், "அய்யாவைச் சேலம் கொண்டு போவணும், எந்த வண்டியாச்சும் எடுங்கடா" என்று கத்தினான். முனிராஜ் ஓடினான். ஓடின வேகத்தில் திரும்பி வந்தான்.

"ரோட்டர் இல்லீங்களே" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் போனது, தீர்த்தம்மாள். நாலு வண்டி நிற்கிறது. கரி போட்டுப் புகை கட்டித் தயாராக நிற்கிறது. எல்லாம் என்னுடையது. ஒன்றுகூட என்னைத் தூக்கிக்கொண்டு நகராது! மாது என் முகத்துக்கு நேரே குனிந்து, "அய்யா, எங்க வெச்சீங்க? சொல்லுங்கய்யா" என்று கெஞ்சுகிறான். எங்கே வைத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணால் காட்டினேன். உன் துணிப்பெட்டி இருக்கிற உள்ளறையையே கண் நோகப் பார்த்தேன். முனிராஜ் அழ ஆரம்பித்துவிட்டான். "அம்மாவைத் தேடுறாருங்க" என்றான். மாது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஆள் அனுப்பறோமுங்க, வந்துருவாங்க" என்று தேறுதல் சொன்னான்.

என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள். தலையணையைக் கிழித்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள். உன் பெட்டியை மட்டும் ஒருவனும் தொடவில்லை. எசமானியம்மாள் புடவை வைக்கிற பெட்டியில் ஆம்பிளை கை வைப்பதா என்ற மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் நானும் அங்கே வைத்தேன். நீ துணி எடுக்க வந்தபோது, நம் பழைய கல்யாணப் பட்டுப் புடவை மடிப்பில் ரோட்டர்கள் அகப்பட்டன என்று சொன்னாய். அதுவரை நாலு வண்டியும் செத்துக் கிடந்திருக்கின்றன.

வெயில் ஏறின பிறகு, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த எதிர்க்கம்பெனி வண்டியை மாது நடு ரோட்டில் நின்று மறித்தான். பர்மிட்டுக்காக நான் கோர்ட்டு வரைக்கும் இழுத்தேனே, அந்தக் கம்பெனி வண்டி. அந்த டிரைவர் கடைசி சீட்டு ஜனங்களை இறக்கிவிட்டு என்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோனான். தொப்பூர்க் கணவாய் வளைவுகளில் நான் இன்ஜினைக் கேட்டுக்கொண்டே போனேன். நல்ல இன்ஜின். ஒரு குறை சொல்ல முடியாது. அதன் முதலாளி மதராஸில் இருக்கிறானாம், தர்மபுரிப் பக்கம் வந்ததே இல்லையாம்.

எனக்குப் போதும். சர்வீஸை மாதுவிடம் கொடுத்துவிடு. நீ முதல் வாரம் ரெண்டு தடவை வந்தாய். அப்புறம் வரவே இல்லை. தர்மன் இங்கேயே தங்கி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்கிறார். அன்றைக்காவது நீயே வந்து கூட்டிக்கொண்டு போ.

காளியப்பன்


தர்மபுரி
30-8-1944

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். உள்ளறையைப் பார்த்தீர்கள் என்பதை நினைத்து நினைத்து அழுதேன். ஆனால் வெள்ளிக்கிழமை தோதுப்படாது. அன்றைக்குத்தான் வண்டிகளைச் சோதிக்க ஆபீசர் வருகிறார். நான் இல்லாவிட்டால் சரிப்படாது.

மாது நல்லவன்தான். ஆனால் எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டுகிறான். கரிக்காரர் ஈரக்கரி கொண்டுவந்து இறக்கினால் திருப்பி அனுப்ப அவனுக்கு வாய் வரவில்லை. நான் ஒரு துண்டைக் கையில் நொறுக்கிப் பார்த்து, மூட்டையோடு திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து கரியை நானே பார்க்கிறேன். டிக்கெட்டுக் கட்டும் என் கையால்தான் போகிறது. சாயங்காலம் அந்தத் துண்டுகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சும்மா, பத்திரத்துக்காகத்தான். மாதுவே கழற்றிக்கொண்டு வந்து வைக்கிறான்.

"அம்மா வந்தப்புறம் வண்டி நேரத்துக்கு வருது" என்று ஜனங்கள் சொல்கிறார்கள். உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இத்தனை நாளும் அடுப்படியில் இருந்துகொண்டு நீங்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது.

முனிராஜிடம் சாத்துக்குடி கொடுத்து அனுப்புகிறேன். புரட்டாசி பிறக்கட்டும். வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன், அரூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

தீர்த்தம்மாள்


சேலம் ஆஸ்பத்திரி
5-9-1944

தீர்த்தம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தர்மனிடம் கொடுத்தேன். "இது யாரு எழுதினது, பாரு" என்றேன். "அக்கா எழுத்துதானுங்க மாமா" என்றான். எழுத்து உன்னுடையது. எழுதியது நான். ஒரு வரி விடாமல் நான்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை முனிராஜ் கையில்தான் வந்தது. அதற்கு முன்னால், காலையிலேயே, நான் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வருகிற ஜட்கா ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன். நர்ஸம்மா ரெண்டு தடவை வந்து, "வீட்டுக்காரம்மா இன்னும் வரலியா?" என்று கேட்டார்கள். கோயில் மணையில் நீ உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விழுந்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருக்கும். கை மரத்துப்போகும் வரைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

மாதுவிடம் கொடு. இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் கொடு.

காளியப்பன்


தர்மபுரி
13-9-1944

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னையும் தன்னைப்போல நினைத்துவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கரி மூட்டைகளைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் ஆபீஸில் மாது நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் ஊருக்குப் போறேனுங்கம்மா."

"எத்தினி நாளைக்கு?"

"போறேனுங்க. எதிர்க்கம்பெனியில பென்னாகரத்துக்கு ஏஜெண்டா இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"அய்யா இப்பிடிக் கெடக்கறப்ப நீ போறேங்கறியே, இது நியாயமா மாது?" என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அய்யா ஒரு நாளைக்கு விடுவாருன்னு இத்தினி வருசம் இருந்தேனுங்க. அய்யா விழுந்தாரு. அம்மா வந்து உக்காந்துட்டீங்க. இனிமே யாரு விடுவாங்கன்னு நான் இருக்கறதுங்க?"

போய்விட்டான். நான் எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. எனக்கு எதிரேயே நின்றுகொண்டிருந்தவன் முகத்தை ஒரு மாசமாக நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் பென்னாகரம் வண்டியில் ஏறி அவன் வீட்டுக்கே போனேன். அவன் பெண்சாதி காவேரி பாய் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தாள். "சம்பளம் வேணுமா, பங்கு வேணுமா, என்ன வேணும்னாலும் கேளுப்பா, கொடுக்கறேன்" என்றேன். அவன் கேட்டது வேறு.

"நீங்க ரெண்டு பேரும் தர்மபுரியில இல்லாம இருக்கறதுன்னா வரேனுங்க. ஒரு வருசம். வண்டி நின்னாலும் ஓடினாலும் உங்க காதுக்கு வரக் கூடாதுங்க."

என் வீட்டைவிட்டு என்னையே போகச் சொல்கிறான்! அதுவும் நான் அவன் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது. காவேரி, "என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க" என்று அவனை அதட்டினாள். எழுந்து வந்துவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

இன்று காலையில் மாது வந்து ஆபீஸில் உட்கார்ந்துவிட்டான். கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டேன். காலை வண்டி புறப்படும்போது நான் வாசலுக்கு வரவில்லை. எனக்கு உள்ளே என்ன பாடு என்று உங்களுக்குத்தான் தெரியும், வேறு யாரிடம் சொல்வது?

நாளைக்குச் சேலம் வருகிறேன். அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. கடத்தூர் வேண்டாம். தர்மன் வீட்டுக்கு வண்டிச் சத்தம் கேட்கும், நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன். வேறு ஊராக நீங்கள் யோசித்து வையுங்கள். எனக்கு ஒரு ஊர்ப் பேரும் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. வீட்டில் நாலு பஸ் இருக்கிறது என்றுதான் பேர்.

தீர்த்தம்மாள்